சாகாத வீரர் சொன்ன கருத்து

"சார், இந்த மெஷினைத் திருப்பி அனுப்சிடவா?"

தொண்ணூறுகளில் கள்ளிக்குப்பத்தில் வீடியோ கேம் கடை வைத்திருந்த சேகர் என்னிடம் கேட்ட கேள்வி இது. வகுப்புக்கு வராத மாணவர்களைத் தேடி அடிக்கடி அங்கே போவேன். அதனால் என்னையும் விஷயம் தெரிந்தவனாக நினைத்துவிட்டார்.

புதிதாக வாடகைக்கு எடுத்த மெஷின். விண்கலத்தை ஓட்டிக்கொண்டே எதிரிகளைச் சுட வேண்டும். அசுர வேகம். ஒருமுறை ஆடியவர்கள் மறுமுறை வரவில்லை. இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான்.

"கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள காலி நைனா. இத்த எவன் ஆடுவான்?" என்றார் லேத் பட்டறை முருகன்.

மெஷின் முன்னால் நின்றிருந்த அவர் நண்பர் தனபால் திரும்பாமலே சொன்னார்: "உனுக்கு கை வரல மாமே. நான் வந்ததுலேர்ந்து சாவவே இல்ல. ஷோக்கா கீது."

சேகர் என் காதருகே குனிந்தார். "அந்தாளு இன்னும் டோக்கனே வாங்கல சார்."

டோக்கன் போட்டு யாரும் ஆடாதபோது அந்த மெஷின் தானாகவே ஆடிக் காட்டும். அது தெரியாமல் தனபால் மெஷினின் கைப்பிடிக் குச்சியை ஆட்டி ஆட்டி வியர்த்துப் போயிருந்தார்.

"சொல்லிவிடலாமா?" என்றேன். அதற்குள் சேகரிடம் முருகன் டோக்கன் கேட்டுக் கையை நீட்டிவிட்டார். மெஷின் அந்தக் கடையிலேயே தங்கியது.

இன்று அதே மாதிரி ஒரு புது விளையாட்டைப் பற்றி ஆடியவர்கள் எழுதிய கருத்துகளை ஃபோனில் படித்தேன். தாங்க முடியாத வேகம் என்று பலர் புலம்புகிறார்கள். ஒருவர் மட்டும், மிகச் சுலபம், இதுவரை தோற்கவே இல்லை என்கிறார்.

நீங்களும் அப்படி ஜெயித்துக்கொண்டே இருந்தால், ஒரு நிமிடம் கையை எடுத்துவிட்டுத் திரையைப் பாருங்கள்.