மேர்சி பூசிய ஓநாய் முகம்

இது நடந்தது. நடந்த வீடு யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் இப்போதும் இருக்கிறது, போனால் பார்க்கலாம். யன்னலுக்கு நீலப் பெயின்ற் அடித்த வீடு. நடந்தது மேர்சிக்கு. மேர்சி பேய்க்குப் பயப்படுகிற ஆள் இல்லை. கல்யாணப் பொம்பிளைகளுக்கு மேக்கப் போடுகிறவள். பொம்பிளையின் தாய், மாமி, சித்தி எல்லாரையும் ஒரே அறைக்குள் வைத்துச் சமாளிக்கிறவளுக்குப் பேய் எம்மாத்திரம்? நம்பாதவர்கள் நம்பாமலே வாசியுங்கள். தனியாக மட்டும் வாசிக்க வேண்டாம்.

வீட்டில் மூன்று பேர். மேர்சி, தாய் லூர்த்தம்மா, தம்பி றஞ்சித். தகப்பன் மரியரட்ணம் பதினெட்டு வருடத்துக்கு முன் கடலில் போய்விட்டார். உடல் கிடைக்கக் கன நாள் ஆயிற்று. கடல் தின்ற முகத்தைப் பெண்களுக்குக் காட்டக்கூடாது என்று ஆம்பிளைகள் பெட்டியை ஆணி அடித்தே கொண்டு வந்தார்கள். லூர்த்தம்மா பெட்டியைத்தான் கட்டிப்பிடித்து அழுதாள். அதனால் அவள் அந்தச் சாவை நம்பவே இல்லை. "பெட்டிக்குள்ளை ஆரைப் போட்டவங்களோ" என்பாள். இரவில் முன் கதவுக்குக் கொண்டி போட விடமாட்டாள். அவர் வந்து தட்டினால் ஒருவருக்கும் கேட்காமல் போய்விடுமாம்.

பார்க்கப் பாவமாக இருக்கும். றஞ்சித் ஒருநாள் செத்தவீடு ஒன்றுக்குப் போய்விட்டு வந்து மேர்சியிடம் சொன்னான்: "அக்கா, எனக்கு ஏதும் எண்டால் என்ரை முகத்தையாவது அம்மாவுக்குக் காட்டோணும். இல்லாட்டி என்னையும் பாத்துக்கொண்டு இருப்பா." மேர்சி அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பேச்சு அதோடு முடிந்தது.

றஞ்சித் நண்டு வலைக்குப் போகிறவன். நத்தார் நெருங்கினால் மட்டும் ஓநாய். பங்குக் கோயிலிலே மறைக்கல்விப் பிள்ளைகளின் கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்கு ஒரு நாடகம் போடுவார்கள். தாய் ஆடு வெளியே போகும். ஓநாய் வந்து தாயின் குரலில் கதவைத் தட்டும். குட்டிகள் "கையைக் காட்டு" என்று கேட்கும். கறுத்த கை என்றால் திறக்க மாட்டா. ஓநாய் போய்க் கையை மாவில் தோய்த்துக்கொண்டு வரும். வெள்ளைக் கையைக் கண்டதும் குட்டிகள் நம்பிக் கதவைத் திறந்துவிடும். பழைய கதைதான். ஆனால் அந்த இடத்தில் முன்வரிசைப் பிள்ளைகள் "திறக்காதேங்கோ!" என்று கத்துகிற சத்தத்தில் மண்டபமே அதிரும்.

யாழ்ப்பாணத்தில் ஓநாயை யார் கண்டார்கள்? போன வருடம் றஞ்சித் கரியைப் பூசிக்கொண்டு சாக்கோடு மேடையில் ஏற, ஒரு வாண்டு எழும்பி, "அம்மா, எங்கடை நாய் ரைகர்!" என்றது. சனம் சிரித்த சிரிப்பில் ஓநாயும் சேர்ந்து சிரித்துவிட்டது. மேர்சிக்கு அது மானப்பிரச்சினை. இந்த முறை நானே செய்கிறேன் என்று நின்றாள். ஒரு கிழமையாகப் போனில் வீடியோ பார்த்தாள். மண்ணிற மாவை எங்கே தடிப்பாக அப்புவது, கண்ணைச் சுற்றி மஞ்சளை எப்படி இழுப்பது, மூக்கின் கறுப்பை எங்கே நிறுத்துவது எல்லாம் படித்தாள். மயிருக்குத் தேங்காய்த் தும்பு. ஒட்டுவதற்குப் பொம்பிளைகளின் பொய் இமை ஒட்டுகிற பசை.

ஒத்திகை மேக்கப்புக்கு ஒரு திங்கட்கிழமை பின்னேரத்தைக் குறித்துக்கொண்டார்கள். அன்று விடியவே றஞ்சித் கூட்டாளி எமில்ராஜோடு வலை தூக்கப் போய்விட்டான். மத்தியானத்துக்குக் கிட்டக் காற்று எழும்பியது. பிறகு மழை. லூர்த்தம்மா பாலன் குடில் கட்டக் கோயிலுக்குப் போயிருந்தாள். கரண்டும் போய்விட்டது. சாரல் அடிக்கிறதே என்று மேர்சி கதவுக்குக் கொண்டி போட்டாள். சார்ச் லைற்றைக் கொளுத்தி, சாமான்களை மேசையில் பரப்பி வைத்தாள். றஞ்சித்தின் போனுக்கு எடுத்தாள். வேலை செய்யவில்லை.

ஐந்தேகால் இருக்கும்.

டொக்... டொக்... டொக்.

றஞ்சித் என்றால் படலையிலிருந்தே கத்திக்கொண்டு வருவான். தட்டுகிற பழக்கம் அவனுக்கு இல்லை.

"ஆரது?"

மெல்லிய குரல் வந்தது. நாடகக் குரல். "கதவைத் திறவுங்கோ பிள்ளையள்... அம்மா வந்திருக்கிறன்."

மேர்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதுவரை இருந்த பயமெல்லாம் அந்தச் சிரிப்போடு போயிற்று. அவளும் ஆட்டுக்குட்டியாகி, "கையைக் காட்டு!" என்றாள்.

யன்னல் கம்பிக்குள்ளால் ஒரு கை வந்தது. வெள்ளைக் கை. தோல் ஊறி, விரல் நுனியெல்லாம் சுருங்கி... தண்ணீரில் நிற்கிறவனின் கை அப்படித்தானே இருக்கும் என்று நினைத்தாள்.

நம்பினாள். கதவைத் திறந்தாள்.

தம்பிதான். தொப்பலாக நனைந்திருந்தான்.

"காத்தெண்டு நேரத்தோடை வந்திட்டியே?"

"ஓம்."

"தேத்தண்ணி?"

"வேண்டாம். பூசு, அக்கா."

கதிரையில் போய் இருந்தான். மேர்சி துவாயால் அவன் முகத்தைத் துடைத்தாள். ஈரம் போகவில்லை. மறுபடி துடைத்தாள். நெற்றியிலிருந்து மெல்ல மெல்லத் தண்ணீர் ஊறி வந்துகொண்டே இருந்தது. முகம் சில்லென்று இருந்தது. மழையில் வந்தவன் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

மாவை எடுத்தாள். ஈரத்தில் பிடிக்காது என்றுதான் நினைத்தாள்.

பிடித்தது. நன்றாகவே பிடித்தது.

நெற்றி, கண், மூக்கு, வாய். பிறகு வலது கன்னம், வலது காது. தும்பை ஒவ்வொன்றாக ஒட்டினாள். காது மடலுக்குள் மணல் இருந்தது. கொஞ்சம் சாதாளைப் பாசியும். விரலால் எடுத்துப் போட்டாள். ஊர்க்கதை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் ஒன்றுக்கும் சிரிக்கவில்லை.

"தடிப்பாப் பூசு, அக்கா."

"இவ்வளவும் காணுமடா."

"ஒரு இடமும் விடாதை."

சார்ச் லைற் மங்கிக்கொண்டு வந்தது. மேர்சிக்கு இடுப்பு விண்விண் என்று வலித்தது. இடது கன்னமும் காதும் மிச்சம்.

"காணும் தம்பி. மிச்சத்தை நாளைக்குப் பூசுவம். விடிஞ்சால் ஒரு கல்யாணப் பொம்பிளையை வெளிக்கிடுத்தோணும்."

"இண்டைக்கே முடி, அக்கா."

"கண் தெரியேல்லையடா."

"முடிச்சு விடு, அக்கா..."

"நாளைக்கு எண்டால் நாளைக்கு!"

அவன் அவளைப் பார்த்தான். மஞ்சள் பூசிய கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. மழைத் தண்ணீர்தான் என்று...

கோயில் மணி அடித்தது. ஆறு மணி.

அவன் எழும்பினான்.

போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில் லூர்த்தம்மா வந்தாள். "தம்பி வந்திட்டானே?"

"வந்திட்டான் அம்மா. ஓநாயாப் போயிட்டான். எந்தப் பிள்ளையைப் பயப்படுத்தப் போனவனோ."

இருவரும் சிரித்தார்கள். தாய் அவனுக்குச் சோறு போட்டு மூடி வைத்தாள். எமில்ராஜ் வீட்டில் தங்கிவிட்டான் என்று இருவரும் படுத்தார்கள்; அந்தச் சோறு அப்படியே இருந்தது.

விடிய வந்தது எமில்ராஜ். உடம்பெல்லாம் சேறு. வாசலிலேயே விழுந்து கதறினான். மத்தியான மணி அடிக்க முன்னமே படகு கவிழ்ந்துவிட்டது. இருவரும் கை கோத்துக்கொண்டு மிதந்திருக்கிறார்கள். பிறகு றஞ்சித்தின் கை வழுகிவிட்டது. "என்ரை கண்ணுக்கு முன்னாலை தண்ணிக்குள்ளை தாண்டு போனவன், அக்கா." எமில்ராஜ் பூநகரிப் பக்கம் ஒதுங்கிக் கிடந்து, விடியத்தான் ஒரு படகில் வந்து சேர்ந்திருக்கிறான்.

"பொய் சொல்லாதை!" என்று மேர்சி கத்தினாள். "பின்னேரம் என்னோடை இருந்தவன். நான் அவனுக்கு முகம் பூசினனான்!"

மேர்சி உள்ளே ஓடிப்போய்க் கதிரையைப் பார்த்தாள்.

மெத்தை காய்ந்திருந்தது. அதில் வெள்ளையாக உப்பு பூத்திருந்தது.

மூன்றாம் நாள் உடலைக் கரையோரக் கண்டல் பத்தைக்குள் கண்டெடுத்தார்கள். அடையாளம் காட்ட மேர்சிதான் போனாள். பிரேத அறையில் நின்றவர், "தங்கச்சி, பயப்பிடாதேங்கோ. முகத்திலை ஏதோ பூசிக் கிடக்கு," என்று சொல்லித் துணியை விலக்கினார்.

கைகளைப் பார்க்க முடியவில்லை. கால்களையும்தான். நண்டுகள் விட்டுவைக்கவில்லை. அந்தப் பிள்ளை பிடித்து விற்ற நண்டுகள்.

முகம்... ஓநாய்.

மாவு கரையவில்லை. தும்பு கலையவில்லை. மூன்று நாள் கடலில் கிடந்த முகத்தில், அவள் ஒட்டிய மயிர் ஒவ்வொன்றும் ஒட்டிய இடத்திலேயே நின்றது.

தேங்காய் எண்ணெய் கேட்டு வாங்கினாள். மெல்ல மெல்லத் துடைத்தாள். உள்ளே றஞ்சித் இருந்தான். நித்திரை கொள்கிறவன்போல இருந்தான். வலது புருவத்துத் தழும்புகூட அப்படியே இருந்தது. மேர்சி அவன் நெற்றியில் தலையை வைத்து அழுதாள். எதற்காக வந்தான் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

பிறகு தலையை மற்றப் பக்கம் திருப்பினாள்.

அவளுடைய பிரஷ் நின்ற இடத்திலேயே முகமும் நின்றிருந்தது. கோடு கிழித்த மாதிரி.

இடது கன்னம் இல்லை.

காதும் இல்லை.

பெட்டியைத் திறந்துதான் வைத்தார்கள். தலையணையைச் சரித்து, முகத்தை இடது பக்கமாகத் திருப்பி, பக்கத்தில் பூவை நெருக்கி அடுக்கியது மேர்சி. வேறு ஒருவரையும் கிட்ட விடவில்லை. லூர்த்தம்மா மகனின் முகத்தைப் பார்த்தாள். தடவினாள். வலது கன்னத்தைக் கொஞ்சிக் கொஞ்சி அழுதாள். பதினெட்டு வருடமாக அழாத அழுகையும் அதற்குள் இருந்தது. அடக்கம் முடிந்து சேமக்காலையால் வந்த அன்று இரவு, முன் கதவுக்கு அவளே கொண்டி போட்டாள்.

ஓநாய் இல்லாமலே அந்த வருட ஒளிவிழா முடிந்தது. ஒருநாள் தாயும் மகளும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். லூர்த்தம்மா திடீரென்று சொன்னாள்:

"உன்ரை அப்பரைத்தான் எனக்குக் காட்டேல்லை. இவன் முழுசா வந்திட்டான், என்ன பிள்ளை?"

மேர்சி தண்ணீரைக் குடித்தாள்.

"ஓம் அம்மா," என்றாள். "முழுசா."