முன்கையில் மூன்று மேடுகள்

மனிதத் தோலில் இதுவரை யாரும் காணாத ஓர் அமைப்பைக் கண்டுபிடித்துவிட்டதாக ஒரு வாரம் முழுக்க நம்பிக்கொண்டிருந்தேன். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அதற்கு ஒரு பெயரும் யோசித்து வைத்திருந்தேன். பெயரில் என் இனிஷியலும் இருந்தது.

கெலுகோரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. கத்தி, ஊசி எதுவும் படாமல் உயிருள்ள தோலுக்குள் ஒளியைச் செலுத்தி, திரும்பி வரும் ஒளியைக் கொண்டு அதன் அடுக்குகளின் வடிவத்தை அளக்கும் கருவி ஒன்றை நான்கு ஆண்டுகளாகக் கட்டிக்கொண்டிருந்தேன். இனிப்புநீர் நோயாளியின் கால்புண் எவ்வளவு ஆழம் என்று தொடாமலே சொல்லிவிட வேண்டும் என்பது என் ஆசை.

துறைத்தலைவிக்கு வேறு ஆசை. என்னைவிடப் பத்து வயது இளையவர். வெளிநாட்டுக் கருவி ஒன்றை வாங்கிவிட்டு என்னுடையதை ஸ்டோருக்கு அனுப்ப நினைத்திருந்தார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அது முடிவாக வேண்டும். அதைத் தடுக்கத்தான் என் கண்டுபிடிப்பைக் கொண்டுபோனேன்.

படத்தைத் திரையில் போட்டேன். சோதனைக்கு வேறு ஆள் கிடைக்காததால் என்னுடைய இடது முன்கைதான். தோலின் மேல் மூன்று மேடுகள், ஒரே அளவு இடைவெளியில். “இயற்கையின் ஒழுங்கு” என்று வேறு சொல்லித் தொலைத்தேன்.

தலைவி படத்தைப் பார்த்தார். பிறகு, சட்டைக் கையைச் சுருட்டிவிட்டிருந்த என் முன்கையைப் பார்த்தார்.

“அண்ணே, இது போன வெள்ளிக்கிழமை எடுத்ததா?”

“ஆமா.”

“கோயிலுக்குப் போயிட்டு நேரா லேப்புக்கு வந்தீங்களா?”

“எப்பவும் அப்படித்தானே.”

“அது திருநீறு லா, அண்ணே!”

அறையே சிரித்தது. போன வாரம் மோட்டார் சைக்கிளில் வந்த வியர்வையில் பட்டையின் வெண்மை மறைந்து, என் கண்ணுக்கே தெரியாமல் போயிருக்கிறது. நானும் துடைக்காமல் படமெடுத்திருக்கிறேன்.

தலைவி, கருவியை ஸ்டோருக்கு அனுப்பும் படிவத்தை என் பக்கம் தள்ளினார். “சைன் பண்ணிடுங்க.”

“பண்ண மாட்டேன். முட்டாள்தனம் பண்ணது நான். மெஷின் என்னா தப்பு பண்ணுச்சு? என் கண்ணுக்குத் தெரியாத சாம்பலை அது பார்த்திருக்கு. எத்தனை பட்டை, எவ்வளோ உயரம்னு அளந்திருக்கு. யாரையாவது ஸ்டோருக்கு அனுப்பணும்னா என்னை அனுப்புங்க.”

அன்றும் வெள்ளிக்கிழமை, கையில் புதுப் பட்டை இருந்தது. எல்லாரையும் கருவி இருந்த பக்கத்து அறைக்கு வரச் சொல்லி, நடுப்பட்டையை மட்டும் ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டு, கையை லென்சுக்குக் கீழே நீட்டினேன். திரையில் இரண்டே மேடுகள். நடுவில் வெறுந்தோல், அதற்கடியில் அடுக்கடுக்காக நான். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

தலைவி படிவத்தை மடித்துப் பையில் வைத்தார். “ஆறு மாசம் தர்றேன். நெசமான புண்ணு ஒண்ணைக் காட்டுங்க. அதைக் கழுவிட்டுக் காட்டுங்க.”

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தேன். ஓய்வுபெறப் போகும் எங்கள் அலுவலகத்து அக்கா, விஷயத்தைக் கேட்டுவிட்டு வாயில் கைவைத்தார்.

“ஆறு மாசமா? என்னா தம்பி நீங்க! உங்க மெஷின் இருக்கிற மேசையிலே புது பிரிண்டர் வைக்கலாம்னு அளவெல்லாம் எடுத்து வச்சிட்டேனே.”