பூநாரை பார்க்கப் போனோம்

பொங்கல் கழிந்த வாரம், தங்கச் சுரங்க ஊரான நந்திதுர்க்கில் எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து ஒரு வேன் பிடித்துப் பழவேற்காட்டுக்குப் போனோம். ஏரியில் பூநாரைகள் வந்திறங்கியிருக்கும் படத்தை யாரோ போனில் அனுப்பியிருந்தார்கள். என்னை விடாமல் கிளப்பியது பக்கத்து வீட்டு அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை. பல வருடமாக எனக்கு அதைவிட நெருக்கம். அவள் கணவர் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "நம்ம பேத்தமங்களா ஏரில இல்லாத கொக்கா?" என்று சொல்லி அவர் வர மறுத்துவிட்டார். மதியம் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும்படி என் மகளிடம் சொல்லிவிட்டு, விடியும் முன்பே புறப்பட்டோம்.

ஏரிக்கரையில் இறால் வாடையும் வெயிலும் முகத்தில் அடித்தன. இரண்டு படகுகளில் பிரிந்து ஏறினோம். அக்கா தன் போனைத் தண்ணீருக்குப் பயந்து வேனிலேயே வைத்துவிட்டாள். கொஞ்ச தூரம் மோட்டாரில் ஓடிய படகை, ஆழம் குறைந்ததும் படகுக்காரர் கோலால் ஊன்றித் தள்ள ஆரம்பித்தார். "யாரும் எய்ந்து நிக்காதீங்கம்மா, கவுந்துரும்" என்றார். "நம்ம ஊருக்காரரு மாதிரியே பேசறாரு பாரேன்" என்று அக்கா என் தொடையில் தட்டினாள்.

அப்போதுதான் என் மகள் அழைத்தாள்.

"அம்மா, ஆண்ட்டி பக்கத்துல இருக்காங்களா? இருந்தா ஒண்ணும் பேசாத. கேளு மட்டும்."

"சரி."

"அங்கிள் போயிட்டாரும்மா. சாப்பாடு எடுத்துகினு போனேன். கதவு தெறந்தே இருந்திச்சி. பாத்ரூம்ல விழுந்து கெடந்தாரு. டாக்டர் வந்து பாத்துட்டு, உயிர் போயி நேரமாச்சின்னுட்டாரு."

"சரி" என்று மறுபடியும் சொன்னேன்.

"இன்னாவாம்?" என்றாள் அக்கா.

"வீட்டுல கேஸ் தீந்துபோச்சாம்."

படகுக்காரரிடம் திரும்பிவிடலாம் என்றேன். "தோ வந்துட்டோம்மா, அந்தத் திட்டுக்குப் பக்கத்துலதான் நாரைங்க" என்றார். தலை சுற்றுகிறது என்றேன். அக்கா பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து என் மூக்கருகில் பிடித்து, முந்தானையால் எனக்கு வெயில் மறைத்தாள். அவளுக்கு ரத்தக்கொதிப்பு உண்டு. சுற்றிலும் சேறும் தண்ணீரும். இந்த ஆடுகிற பலகைமேல் வைத்து எப்படிச் சொல்வது? கரைக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பூநாரைகள் ஒரே கூட்டமாகச் சேற்றைக் கிளறிக்கொண்டு நின்றன. எதற்கோ மிரண்டு மொத்தமாக எழும்பின. இறக்கைகளின் சிவப்பு வானத்தில் விரிந்தது. அக்கா கைதட்டிச் சிரித்தாள். அத்தனை சத்தமாக அவள் சிரித்து நான் கேட்டதே இல்லை.

"அடுத்த வருசம் அவரையும் இழுத்துகினு வரணும். எப்பப் பாத்தாலும் டி.வி. முன்னாடியே குந்திகினு கீறாரு" என்றாள். நான் தலையாட்டினேன்.

கரையில் இறங்கியதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். அவள் நம்பவில்லை. வேனிலிருந்து தன் போனை எடுத்து, அவருடைய எண்ணை மறுபடி மறுபடி அழைத்தாள். கடைசியில் என் மகள் எடுத்துப் பேசினாள். அக்கா மீன் வலைகள் காய்ந்த மணலிலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பேர் தாங்கித்தான் வேனில் ஏற்றினோம்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் என் வீட்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை.

"அந்த போன் வந்திச்சே, அப்பவே உனுக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

"அவரு செத்துக் கெடக்கறாரு. நான் பறவையப் பாத்துச் சிரிச்சிகினு இருக்கேன். நீ என்னப் பாத்துகினு இருந்த."

"படகுல எப்படிக்கா சொல்றது?"

"தெரியல. நீ செஞ்சதுதான் சரியோ இன்னாவோ. ஆனா உன் மூஞ்சியப் பாத்தா எனக்கு அந்தச் சிரிப்புதான் கேக்குது."

அடுத்த மாதமே வீட்டைப் பூட்டிவிட்டுப் பெங்களூரில் இருக்கும் மகனிடம் போய்விட்டாள். பென்ஷன் வேலையாக எப்போதாவது வருகிறாள். ஸ்டேஷனிலிருந்து நேராக ஆபீசுக்குப் போய், அடுத்த ரயிலிலேயே திரும்பிவிடுகிறாள் என்று மற்றவர்கள்தான் வந்து சொல்கிறார்கள்.