மிளகாய்க் கிடங்கில் பிறந்த குட்டிகள்

எழுபதுகளின் நடுவில் ஒரு கார்த்திகை மாதம். வில்லியனூர் கடைத்தெருவில் முன்னால் எங்கள் மளிகைக் கடை, பின்னால் வீடு, நடுவில் மிளகாய்க் கிடங்கு. கல்யாணமாகி வந்த புதிதில் தும்மித் தும்மியே என் மூக்கு வீங்கிவிட்டது. அப்புறம் பழகிப்போயிற்று. மூக்குக்குப் பக்கத்தில் சாக்கை உதறினாலும் எங்கள் வீட்டில் யாரும் அசையமாட்டோம். கிடங்கிலேயே படுத்துக் கிடக்கும் எங்கள் நாயும் அப்படித்தான்.

அப்போது என் தலைச்சன் கைக்குழந்தை. ஓயாத இருமல், இளைப்பு. மூச்சு வாங்கும்போது விலா உள்ளே போய்ப் போய் வரும். மருந்து கொடுத்தால் ஒருநாள் கேட்கும், மறுநாள் பழையபடி. மழைக்காற்று படக்கூடாதென்று ஜன்னலை அடைத்து, கிடங்குச் சுவரை ஒட்டிய அறையிலேயே கதகதப்பாக வைத்திருந்தோம். பிள்ளை தங்குமா என்ற பயத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்தச் சமயத்தில் நாய் கிடங்கு மூலையில் குட்டி போட்டது. மிளகாயைக் கொட்டிக் காம்பு கிள்ள ஆரம்பித்ததுமே, கண் திறக்காத குட்டிகள் தும்மித் தும்மி இளைத்தன. தாய்க்கு ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் அவற்றை முகர்ந்து பார்த்தது. பிறகு ஒவ்வொன்றாகக் கவ்விக்கொண்டு போய், தூறலில் நின்ற மாட்டு வண்டிக்கு அடியில் போட்டது.

"இன்னாடி இது, கூறு கெட்டுப்போச்சா இதுக்கு? நனைஞ்சே செத்துடும்" என்று என் வீட்டுக்காரர் குட்டிகளை அள்ளிவந்து கிடங்கில் விட்டார். அது மறுபடியும் கவ்விக்கொண்டு போனது. மறித்தவரைப் பார்த்து உறுமியது. சோறு போடுகிறவரிடம் அது பல்லைக் காட்டி நாங்கள் பார்த்ததே இல்லை.

நான் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டியபடி வாசலில் நின்றிருந்தேன். வண்டிக்கு அடியில் தும்மல் ஓய்ந்து, குட்டிகள் பால் குடிக்க ஆரம்பித்திருந்தன. ஐயோ, நமக்குக் கமறவில்லை என்பதால் இந்தப் பச்சை மண்ணுக்கும் கமறாது என்று இருந்துவிட்டோமே!

மாமியாரிடம் சொல்லப் பயம். 'நாயப் பாத்தா புள்ள வளக்கிற?' என்று கேட்டுவிட்டால்? அழுதுகொண்டே சொல்லிவிட்டேன். அவர் வெளியே வந்து, வண்டிக்கு அடியில் குனிந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு பிள்ளையை வாங்கி மாரோடு அணைத்துக்கொண்டார்.

"துணிமணிய எடுத்துக்கினு வா. பாகூர்ல என் தங்கச்சி வூட்டுக்குப் பூடலாம். கடையாவது கண்றாவியாவது."

நாங்கள் கிளம்பும்போது என் வீட்டுக்காரர் வண்டியைச் சுற்றிச் சாக்கு கட்டி, குட்டிகளுக்குத் தூறல் படாமல் மறைத்துக்கொண்டிருந்தார்.

பாகூரில் வயலைப் பார்த்த அறை. சில நாளிலேயே இளைப்பு தணிந்தது. இருமாமல் அவன் தூங்கிய முதல் மதியம், மாமியாரும் நானும் ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, அவன் வயிறு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தோம். நாங்கள் திரும்புவதற்குள் கிடங்கு வேறு தெருவுக்குப் போய்விட்டது.

இன்று எந்தக் குழந்தை சிணுங்கினாலும், 'எனக்கு எந்த நெடியும் தெரியவில்லையே' என்று என் வாய் சொல்வதில்லை. முதலில் அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுகிறேன்.