பாதியில் நின்ற பாய்

தம்பி வெளிநாட்டுக் கப்பலில் வேலை கிடைத்துப் புறப்பட்டது ஒரு திங்கட்கிழமை. வாசலில் டாக்சிக்காரர் விடாமல் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார். தூக்கிய பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, தையல் மிஷினில் உட்கார்ந்திருந்த அக்காவிடம் வந்தான்.

"சனிக்கிழமை காலைல அந்த ஓட்டல்காரர் வருவாருக்கா. பேசாம படகை அவர் தலையில கட்டிடு."

"அதுல எனக்கும் பாதி இருக்குடா."

"உனக்கும் பாதி. பாயும் பாதிதான் ஏறுது. சரியாப் போச்சு."

"அவர் வர்றதுக்குள்ள பாய் உச்சி வரைக்கும் ஏறிடுச்சுன்னா?"

"என் பாதியும் உனக்குத்தான், எடுத்துக்கோ. மாமா சாட்சி."

பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவள் கணவர் டீ டம்ளரோடு நின்றிருந்தார். "என் காதுல எதுவும் விழலப்பா" என்றார்.

பதினேழு வயதில் மிஷினில் உட்கார்ந்தவள் அவள். சீருடை, திரைச்சீலை, பைக் சீட் உறை, கூடாரம் என எது கிழிந்தாலும் ஊர் அவளிடம்தான் வரும். அவள் போட்ட தையலைப் பிரிக்கப் பல்லைக் கடிக்க வேண்டும் என்பார்கள். ஒரு நாள் கிழிந்த படகுப் பாய் ஒன்று வந்தது. தைத்துக் கொடுத்தவளை அந்தப் படகுக்காரர் ஒரு சுற்று கடலுக்குள் கூட்டிப்போனார். திரும்பி வந்தவள் வேறு ஆளாக இருந்தாள். தம்பியை நச்சரித்துப் பழைய கேட்டமரான் படகு ஒன்றை இருவருமாக வாங்கும்வரை ஓயவில்லை. ஒல்லியான இரண்டு உடல்கள், நடுவில் இழுத்துக் கட்டிய வலை, அலுமினியப் பாய்மரம். நைந்துபோயிருந்த பாயை அவளே தைத்து ஒப்பேற்றினாள்.

ஆனால் ஏற்றினால் பாதியில் நின்றது. பாயின் முன் ஓரத்தில் வரிசையாகத் தைத்திருக்கும் பிளாஸ்டிக் வில்லைகள் பாய்மரத்தின் பள்ளத்துக்குள் வழுக்கி மேலே போக வேண்டும். அங்கேதான் சிக்கியது. தம்பி மெக்கானிக். அவன் அறிந்த ஒரே மருந்து கிரீஸ். சிக்கச் சிக்க அள்ளி அப்பினான்.

அவன் போன மறுநாளே டீசலில் நனைத்த துணியைக் கயிற்றில் கட்டிப் பள்ளத்துக்குள் மேலும் கீழும் இழுத்தாள். மணலும் உப்பும் கிரீஸும் கலந்த கருஞ்சேறு வந்தது, வந்துகொண்டே இருந்தது.

"உன் தம்பி வச்சிருந்தது படகா, லாரியா?" என்றார் கணவர்.

மக்கர் பண்ணும் ஜிப்புக்குத் தேய்ப்பதுபோல வில்லைகளுக்கு மெழுகுவத்தி தேய்த்தாள். கயிற்றை இழுத்தாள். பாய் சரசரவென ஏறியது. பாதியில் நின்றது.

அவள் வலைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"விடும்மா. வித்துட்டு நிம்மதியா இரு."

"இத்தனை வருசமா அடுத்தவங்க போட்டுக்கிட்டுப் போறதுக்குத் தைச்சேங்க. நான் போறதுக்குன்னு தைச்சது இது ஒண்ணுதான்."

அவர் பாயைக் கீழே இறக்கினார். சும்மா இருக்க முடியாமல் வில்லைகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தார். மேலே இருந்தவை ஆடின. சிக்கிய இடத்து வில்லை ஆடவில்லை. அதற்குக் கீழே ஒன்றுகூட ஆடவில்லை.

"இதுங்க மட்டும் ஏன் இப்படி விறைச்சுக்கிட்டு நிக்குது?"

அவள் எழுந்து வந்து பார்த்தாள். முகம் மாறியது. மேல் பாதி வில்லைகள் பழைய சொந்தக்காரர் தைத்தவை, தொளதொளவென்று தொங்கின. கீழ்ப் பாதி அவள் கைவேலை. துணியோடு துணியாக, நகம் நுழையாத இறுக்கம். பாயை இழுக்கும்போது வில்லை கொஞ்சம் திரும்பிக்கொடுக்க வேண்டும். திரும்ப இடம் இல்லாததால் கோணிக்கொண்டு பள்ளத்தில் கவ்வியது.

"மனசுக்குள்ள தம்பியைத் திட்டினேனே. கோளாறு என் தையல்லதான் இருக்கு!"

பல்லைக் கடித்துத் தன் தையலைத் தானே பிரித்தாள். ஒவ்வொரு வில்லைக்கும் ஒரு விரல் நுழையும் அளவுக்குத் தளர்த்தி மறுபடி தைத்தாள். அவளுக்கு அது கெட்ட வார்த்தை பேசுவதுபோல இருந்தது. "யாராவது பாத்தா மானமே போயிடும்" என்றாள்.

"காவலுக்கு நிக்கிறேன், நீ தை."

சனிக்கிழமை ஓட்டல்காரர் வெள்ளைக் கால்சட்டையில் வந்து, படகு தம்முடையதே என்பதுபோல வலையைத் தட்டிப் பார்த்தார். "பாய் ஏறாதுன்னு உங்க தம்பி சொன்னாரு. பரவால்லம்மா, தோட்டத்துல அழகுக்குத்தான் நிறுத்தப் போறேன்."

அவள், கணவரிடம் படகின் முகத்தைக் காற்றுக்கு நேராகத் திருப்பச் சொல்லிவிட்டுக் கயிற்றைப் பிடித்தாள். பாதி வந்ததும் பழக்கதோஷத்தில் கை தானாகவே நின்றது. மூச்சை இழுத்துக்கொண்டு இழுத்தாள். ஒரு வில்லை நுழைந்தது. அடுத்தது. அதற்கும் அடுத்தது. பாய் உச்சியில் போய் முட்டிப் படபடவென்று அடித்துக்கொண்டது. கணவர் விரலை வாயில் வைத்து அடித்த விசிலில் படகுத்துறையில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

ஓட்டல்காரர் கழுத்தை நிமிர்த்தி வெகுநேரம் பார்த்தார். "இப்பத்தாம்மா எனக்கு வாங்கணும்னே ஆசையா இருக்கு."

"எனக்கும் இப்பத்தாங்க ஆசை அதிகமாகுது" என்றாள் அவள். அவர் கரையில் நிற்க, படகு அவளோடும், இரண்டு கையாலும் வலையை இறுகப் பிடித்திருந்த கணவரோடும் கடலுக்குள் போனது.

அன்று எடுத்த போட்டோவைத் தம்பிக்கு அனுப்பினாள். அவன் பார்த்ததற்கான அடையாளம் வந்தது, பதில் வரவில்லை. பிறகு பேசியபோதெல்லாம் சாப்பாடு, தூக்கம், வெயில் என்று விசாரித்தான். படகுப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. ஒரு வருடம் கழித்து ஒரு மத்தியானம், திரைச்சீலைத் துணி வெட்டிக்கொண்டிருந்தபோது போன் ஒலித்தது.

"அக்கா, அந்த போட்டோவை இன்னிக்குத்தான் இங்க எல்லார்கிட்டயும் காட்டினேன். யார் படகுன்னு கேட்டாங்க. எங்க அக்காவோடதுன்னு சொன்னேன்."