பெரிதாகிக்கொண்டே போன பொட்டு

இரண்டு வருடம் முன்பு, சித்திரை வெயிலில், ஆவடியிலிருந்து மண்ணூர்பேட்டைக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில் நடந்தது இது. இப்போது நினைத்தால் சிரிப்பாக வருகிறது. அன்று சிரிக்கிற நிலையில் நான் இல்லை.

என் நெற்றியில், ஸ்டிக்கர் பொட்டு ஒட்டும் இடத்தில் மட்டும், மிளகு அளவில் வெள்ளையாக ஒரு புள்ளி வந்திருந்தது. பயந்துபோய் யாரிடமும் சொல்லவில்லை. நாத்தனாருக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். வீட்டு மருமகளுக்கு வெண்குஷ்டம் என்று பேச்சு கிளம்பினால், அவள் கல்யாணம் என்னால் நின்றுவிடுமே! அதனால் கொஞ்சம் பெரிய பொட்டாக வாங்கி மறைத்தேன். புள்ளி வளர்ந்தது. அதைவிடப் பெரிதாக வாங்கினேன். புள்ளியும் விடாமல் வளர்ந்தது. தூங்கும்போதுகூடப் பொட்டை எடுப்பதில்லை. என் கெட்டிக்காரத்தனத்தை என்னவென்று சொல்ல! கம்பெனியில் பக்கத்து தையல் மிஷினில் உட்காரும் தோழி, "இன்னாக்கா, மாசாமாசம் பொட்டு பெருசாயிகினே போவுது? தீபாவளிக்குத் தோசக்கல்லு சைசா?" என்று கிண்டலடித்தாள். சிரித்து மழுப்பினேன்.

அன்று பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மாவுக்குக் கை, உதடு எல்லாம் வெண்புள்ளிகள். நான் என்ன செய்தேன் தெரியுமா? முந்தானையை இழுத்துக்கொண்டு ஜன்னலோரம் ஒதுங்கினேன். அதே நேரம் பார்த்து, வியர்வையில் என் பொட்டு நழுவி அவர் மடியில் விழுந்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

அவர் பொட்டைப் பார்த்தார், என் நெற்றியைப் பார்த்தார், கடகடவென்று சிரித்தார். "இத்த ஒட்டிக்கினுதான் இத்த மறைக்கிறியாம்மா? நல்ல ஆளு நீ! பொட்டுப் பச ஒத்துக்காம வந்துகீது போல. என்னுது வேற, அது உடம்புக்குள்ளேர்ந்து வர்றது. குஷ்டமும் இல்ல, தொத்து நோயும் இல்ல. நல்லா உக்காரு. மொதல்ல ஸ்கின் டாக்டராண்ட போ."

நான் ஒதுங்கியதைக் கவனித்திருக்கிறார்! கூனிக்குறுகிப் போனேன்.

அந்த வாரமே டாக்டரிடம் போனேன். அவரும் அதையேதான் சொன்னார். பசையில் இருக்கும் ரசாயனம், சிலருக்குத் தோலுக்கு நிறம் தரும் செல்களை அழித்துவிடுமாம். அந்த அம்மாவுக்கு இருப்பதுபோல் பரவலாக வருவது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அந்தச் செல்களைத் தாக்குவதால். அதற்கும் மருந்து, ஒளிச் சிகிச்சை எல்லாம் இருக்கிறதாம். எனக்குக் களிம்பு எழுதிக் கொடுத்து, "கொஞ்ச மாசம் நெத்தியில எதுவும் வைக்காதீங்க" என்றார்.

போச்சுடா! வெறும் நெற்றியோடு மாமியார் முன்னால் எப்படி நிற்பது? வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் கொட்டி அழுதேன். அவர் விறுவிறுவென்று கண்ணாடி முன் போய்த் தன் பொட்டை உரித்தார். "ஏய், இங்க வந்து பாருடி, எனக்கு எதுனா கீதா?" நாத்தனாரும் ஓடிவந்து தன்னுடையதை உரித்தாள். மூன்று பேரும் கண்ணாடியில் ஒருவர் நெற்றியை ஒருவர் பார்த்து, விழுந்து விழுந்து சிரித்தோம்.

ஏழெட்டு மாதத்தில் வெள்ளைக்குள் கடுகு கடுகாக நிறம் திரும்பியது. நாத்தனார் கல்யாணமும் ஜாம்ஜாமென்று நடந்தது. நான் அருவருத்து ஒதுங்கியதைப் பார்த்தும் மனம் கோணாமல் எனக்கு வழி சொன்ன அந்த அம்மாவை நினைக்கும்போதெல்லாம், வெட்கமும் சந்தோஷமும் இன்றும் ஒன்றாகத்தான் வருகின்றன.