தோல் நாற்றம்

சர்க்கரை வியாதியில் என் வலது கால் முட்டிக்குக் கீழே போனது. செயற்கைக் கால் மாட்டிவிட்ட வேலூர் ஆஸ்பத்திரிப் பெண் கண்டிப்பாகச் சொன்னாள்.

"முட்டி இருக்கறதாலதான் ஆயா உங்களால நடக்க முடியுது. தெனம் சாயந்திரம் கழட்டி, கண்ணாடி வச்சி அடியில புண்ணு இருக்கான்னு பாருங்க. லூஸானா இங்க வாங்க. நீங்களா எதுவும் பண்ணக்கூடாது."

பார்த்தேன். கண்ணில் புரை. கண்ணாடியில் மங்கலாக ஒரு பூசணிக்காய் தெரிந்தது.

மிச்சக்கால் வற்றி, செயற்கைக் கால் லொடலொடத்தது. வேலூர் போகலாமா என்றேன். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் என் மகன் சிரித்தான்.

"இதுக்குப் போயி இன்னாத்துக்கும்மா வேலூரு? ஷூ லூஸானா லைனிங் போடறதில்ல?"

மெத்தென்ற ஆட்டுத்தோலை வெட்டி, உள்ளே பசை போட்டு ஒட்டினான். கச்சிதம். தெருவே வந்து தடவிப் பார்த்தது. மாதா கோயில்வரை நடந்தேன். வலியே இல்லை. வலிக்கிற உணர்ச்சியையும் சர்க்கரை தின்றுவிட்டிருந்தது எங்களுக்குத் தெரியவில்லை.

ரயில்வே ஊரான அரக்கோணத்தில் வாக்கப்பட்ட என் தங்கை வந்தாள். வாசலிலேயே முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"இன்னாக்கா இது, இந்த நாத்தம்?"

"தோல் ஷாப்புக் காத்துடி. ரயில் புகையிலயே இருந்து மறந்துட்டியா?"

மகனும் சிரித்தான். தோல் பதனிடும் ஷாப்புகள் சூழ்ந்த எங்கள் தெருவில் அந்த நாற்றத்தை யாரும் நாற்றமாகவே எண்ணுவதில்லை. அவள் சிரிக்கவில்லை. பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"காத்து இல்லக்கா. உன் கால்லேர்ந்து வருது. கழட்டு."

அவளே கழற்றினாள். வியர்வையில் ஊறிய தோலின் ஓரம் மடங்கி, விறைத்து, சதைக்குள் இறங்கியிருந்தது. சுற்றிலும் கறுத்துப்போய்க் குழி. மகன் ஆட்டோ கூப்பிட ஓடினான்.

வேலூரில் டாக்டர் அவனிடம்தான் பேசினார். முட்டியைக் காப்பாற்ற முடியாது என்றார்.

"நான் ஒட்டனதுதான் சார்," என்றான் அவன்.

டாக்டர் கையெழுத்துப் போடும் படிவத்தை அவன் பக்கம் நகர்த்தினார்.

இப்போது தொடைதான் மிச்சம். அதில் என் வயதில் கால் மாட்டி நடப்பது கஷ்டம் என்கிறார்கள். மகன் வேலை முடிந்து வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறான். டார்ச் அடித்து வெட்டின இடத்தைப் பார்க்கிறான். பிறகு குனிந்து முகர்கிறான்.

"இன்னாடா, பிரியாணி வெந்துடுச்சா?" என்றேன் நேற்று.

அவன் நிமிரவில்லை. தோல் ஷாப்புக் காற்றிலேயே பழகிய அந்த மூக்கை நம்பாமல், மறுபடியும் முகர்ந்தான்.